எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நன்றி மடல்

ஆசிரியர்களுக்கும் சத்துணவு அக்காவுக்கும் இரண்டாவது பெஞ்சுக்காரிகளுக்கும் வணக்கம்.

ஏழாம் வகுப்பு முடிகிற சமயத்தில் எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மொரப்பூரில் ரயிலேறி அடையாறு மருத்துவமனைக்குப் போனது, முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை நடந்தது எல்லாம் ஊருக்கே தெரியும். மருத்துவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் ஊர் திரும்பிய பிறகு நடந்தவற்றுக்கு.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தேன். ஒட்டிக்கொள்ளும், தனியே உட்கார வையுங்கள் என்று சிலர் கேட்டார்களாம். “புற்றுநோய் ஒட்டாது. நம் பிள்ளைகளின் சளியும் அம்மையும்தான் அவளுக்கு ஒட்டும்” என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரே போடாகப் போட்டார் தலைமை ஆசிரியர் ஐயா. பிறகு என் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சின்னம்மை கண்டது. வாசலில் வேப்பிலை செருகும் முன்பே அவன் அம்மா எங்கள் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார். அந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சின்னம்மை நுரையீரல்வரை பாயும். உடனே மருத்துவரிடம் சொன்னால்தான் தடுப்பு மருந்து பலன் தரும். அத்தை, கூட்டத்தில் முதலில் எழுந்து கேட்டவரும் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, உங்களுக்கே முதல் நன்றி.

ஊசி மருந்தால் விரல் நுனி மரத்துப்போய், என் எழுத்து நத்தையாக ஊர்ந்தது. மணி அடித்த பிறகும் கணக்கு ஐயா என் விடைத்தாளைக் கேட்கமாட்டார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருப்பார். எங்கள் வகுப்பில் அத்தனை ஜன்னல்கள் கிடையாது. அண்டாவைத் திறந்ததும் ஆவி பறக்கும் முதல் கரண்டிச் சோறு எனக்கு விழும். முட்டை முழுதாக வெந்திருக்கிறதா என்று அக்கா பிளந்தே பார்ப்பார்.

தமிழ் அம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிய பாடம். 1954 முதல் இயங்கும் அந்த மருத்துவமனை அவர் உருவாக்கியது என்று வரும் இடத்தில் வகுப்பே என் பக்கம் திரும்பும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவேயில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

உடற்கல்வி ஆசிரியை அவர்களுக்கு: மொட்டைத் தலையோடு வந்த நாட்களில் ரிப்பனைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தீர்கள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறேன், இரட்டைச் சடை போடும் அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது. போன வாரம் ரிப்பன் கட்டாமல் வந்ததற்கு மற்றவர்களோடு என்னையும் வெயிலில் நிறுத்தினீர்கள். அதற்கும் நன்றி.