அவர்களின் கோடைத் தவணையை அவர்களிடமே விடுங்கள்: லண்டன் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாரே, அண்ணாமாரே, என்னிலும் இளைய தாய் தகப்பன்மாரே,

வணக்கம். நான் வடமேற்கு லண்டனில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய். எட்டு வருடமாக மே, ஜூன் மாதங்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வைக்குப் போய் வருகிறேன். விளையாட்டு மண்டபத்தில் மேசைகளை வரிசையாகப் போடுவது, தண்ணீர்ப் போத்தலில் லேபிள் கிழித்திருக்கிறதா என்று பார்ப்பது, கையில் மணிக்கூடு கட்டியிருந்தால் கழற்றச் சொல்வது, பிறகு மணித்தியாலக் கணக்கில் சத்தமில்லாமல் நடப்பது. அதுதான் வேலை. அந்த மண்டபத்தில் கண்டதையும், என் வீட்டில் நானே செய்த ஒரு பிழையையும் வைத்து இதை எழுதுகிறேன்.

கோடைத் தவணை ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு தொடங்கி ஜூலை மூன்றாம், நான்காம் கிழமை வரை போகிறது. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜி.சி.எஸ்.ஈ. என்ற பொதுப் பரீட்சை, பதின்மூன்றாம் ஆண்டுக்கு எங்கள் உயர்தரம் மாதிரியான ஏ லெவல். மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி, இசை மாலை, நாடகம், பத்தாம் ஆண்டின் வேலை அனுபவக் கிழமை, சுற்றுலா, பரிசளிப்பு. பரீட்சை முடிந்தவர்களுக்குப் பிரியாவிடைக் கூட்டம், கையெழுத்து வைத்த வெள்ளைச் சட்டை, அப்புறம் ப்ரொம். இவற்றிலிருந்து உங்கள் பிள்ளைகளைத் தயவுசெய்து மறிக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மறிக்கிறோம். நானும் மறித்தேன்.

மூத்தவள் 2017இல் பதினோராம் ஆண்டு. மார்ச் மாதம் ப்ரொம் கடிதத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அந்த ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரும் வடிவாக உடுத்து, ஒரு ஹோட்டல் மண்டபத்தில் ஒன்றாகச் சாப்பிட்டு, படமெடுத்து, ஆடி, பிரிகிற இரவு அது. “சோதினைக்கு முன்னால் இந்தக் கதை வேண்டாம்” என்றேன். ஏப்ரலில் திரும்பக் கேட்டாள். “சனம் என்ன சொல்லும்” என்றேன். மூன்றாம் தரம் அவள் கேட்கவில்லை. பிள்ளை விளங்கிக்கொண்டாள் என்று எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. ப்ரொம் நடந்த அன்று பின்னேரம், ஏ லெவல் கணிதத்துக்கு முன்கூட்டியே தொடங்கிய ரியூசனுக்கு நானே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் விடைபெறும் பிள்ளைகளுக்கு ஒரு ஹூடி அடிப்பார்கள். முதுகில் பெரிதாக 17 என்று இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த இரண்டு இலக்கங்களும் பிள்ளைகளின் பெயர்களால் ஆனவை. இருபது பவுண்ஸ் என்று ஞாபகம். அதையும் வேண்டாம் என்றுவிட்டேன். அந்த ஆண்டு குளிர் தொடங்கிய நேரம், பேருந்துத் தரிப்பில் எங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை அந்த ஹூடியோடு நின்றாள். மகள் கொஞ்சம் குனிந்து அந்த முதுகில் தன் பெயரைத் தேடினாள். ஏழின் காலடியில் இருந்தது. தொடாமல், விரலால் எனக்குக் காட்டினாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேருந்து வந்தது, ஏறிவிட்டோம்.

இதை எட்டு ஒன்பது வருடம் கழித்தும் நான் மறக்கவில்லை என்றால், அவள் மறந்திருப்பாளா?

நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றால் தை, மாசி மாதங்களில் பள்ளிக்கூடம் முழுக்க வேறு உலகம். இரண்டு கிழமைக்கு முன்பே அணிநடைப் பயிற்சி தொடங்கும். வெயிலில் நின்று “இடம், வலம்” என்று கால் நோகும். இல்ல அலங்காரத்துக்குத் தென்னோலை வெட்டுவது, மூங்கில் கொண்டுவருவது, அம்மாவின் சேலையைக் கேட்காமல் எடுத்துப் போவது, இரவு பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் கூடாரம் கட்டுவது, எதிர் இல்லக்காரர் என்ன கட்டுகிறார்கள் என்று வேவு பார்க்க ஒரு சின்னப் பிள்ளையை அனுப்புவது. அஞ்சலோட்டத்தில் கோல் விழுந்ததற்கு இன்றைக்கும் பேசாமல் இருக்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும். படிப்பு எங்கள் ஊரில் குறைந்த விஷயமா? உயர்தரப் பரீட்சைக்கு விளக்கு வெளிச்சத்தில் படித்தவர்கள்தான் நாங்கள். ஆனால் மெய்வல்லுநர் போட்டி நாளில் “நீ வீட்டிலிருந்து படி” என்று எந்தத் தாயும் சொன்னதில்லை. தாய்மார்தான் மோர் கரைத்துக்கொண்டு வந்து கொட்டகையில் இருந்தார்கள்.

அதே ஆட்கள் இங்கே விளையாட்டுப் போட்டியன்று பிள்ளைக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு அறிவிக்கிறோம். “அன்றைக்குப் படிப்பில்லைத்தானே” என்கிறோம். மார்ச் மாதம் யாழ் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் பெருஞ்சமர் என்றால் விடிய எழும்பி யூடியூப்பில் பார்க்கிற அண்ணாமார் இங்கே எத்தனை பேர்! 1904இல் தொடங்கிய துடுப்பாட்டம், சும்மாவா. கோடை வந்தால் பழைய மாணவர் சங்கங்களின் விளையாட்டு விழாவில் ஐம்பது வயதில் காற்சட்டை போட்டு ஓடுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் மனதார மதிக்கிறேன். அந்தச் சங்கம் எதனால் உயிரோடு இருக்கிறது? பதினாறு வயதில் ஒன்றாக ஓடியவர்கள் என்பதால். உங்கள் பிள்ளைக்கு ஐம்பது வயதாகும்போது போய் நிற்க அப்படி ஒரு இடம் வேண்டாமா?

என் வயதுக்காரர் பலருக்குப் பிரியாவிடை என்று ஒன்று நடக்கவேயில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நான் உயர்தர வகுப்பு. என்னோடு ஒரே வாங்கிலில் இருந்தவளை அந்தக் கூட்டத்தில் தூரத்தில் கண்டேன், கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு காணவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுப் பிரிகிற நாளில் ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, காசுக் கதைக்கு வருவோம். ஏனென்றால் முதலில் சொல்லப்படும் காரணம் அதுதான்.

வசதி குறைந்த வீடுகள் எங்களுக்குள் நிறைய இருக்கின்றன. இரண்டு வேலை செய்தும் வாடகை கட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி, அரச பாடசாலை பள்ளி நேரத்தில் நடத்தும் பகல் சுற்றுலா போன்றவற்றுக்குக் கட்டாயக் கட்டணம் வாங்க முடியாது. விரும்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். தரவில்லை என்பதற்காக உங்கள் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. போதிய காசு சேராவிட்டால் சுற்றுலாவே நிற்கலாம், அது வேறு. ப்ரொம் பள்ளி நேரத்துக்கு வெளியே நடப்பதால் அதற்குக் காசு கேட்கலாம். ஆனால் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்குக் குறைத்தோ இல்லாமலோ செய்யும் பாடசாலைகள் உண்டு. பாவித்த கவுண்களையும் கோட்டுகளையும் சேர்த்து வைத்து இரவல் கொடுக்கும் இடங்களும் உண்டு. ஆண்டுப் பொறுப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சமாக இருந்தால் பிள்ளையையே எழுதச் சொல்லிக் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். கேட்பதில் மரியாதை குறையாது.

வசதி உள்ளவர்களுக்கு வேறு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. மகளின் அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. சாமத்தியச் சடங்குக்குப் பூ அலங்காரம், வீடியோக்காரர், மூன்று சேலை. நான் இவற்றைக் குறை சொல்ல வரவில்லை, என் வீட்டிலும் நடந்தது. ஆனால் அதே மகள் பள்ளிக்கூடத்தின் கோடை இசை மாலையில் புல்லாங்குழல் வாசிக்கும்போது, பெற்றோருக்கு ஒதுக்கிய இரண்டு கதிரையும் வெறுமையாக இருக்கிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு பின்னேரம். பிள்ளைகள் மேடைக்கு வந்ததும் முதலில் அம்மா அப்பாவைத்தான் தேடுவார்கள். அரங்கேற்ற மேடையிலும் அப்படித்தான், பள்ளி மண்டபத்திலும் அப்படித்தான்.

ப்ரொம் பற்றிய பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன், எனக்கும் இருந்தது. பெடியனும் பெட்டையும் ஆடுவார்கள், குடிப்பார்கள், இரவு எங்கே போவார்களோ. நான் பிறகு அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். பதினோராம் ஆண்டு ப்ரொமில் ஆசிரியர்கள் வாசலில் நிற்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் என்பதால் மதுவுக்கு இடமில்லை. எப்போது முடியும் என்று கடிதத்திலேயே போட்டிருக்கும், நீங்களே போய் ஏற்றிக்கொண்டு வரலாம். பயம் வருவது அதற்குப் பிறகு யாரோ ஒருவர் வீட்டில் நடக்கும் கூட்டத்தைப் பற்றி என்றால், அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை ஏற்றுக்கொள்ளும். முழுவதையும் மறித்தால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான், வீட்டில் கேட்கக் கூடாது என்பது. என் மூத்தவள் அதற்குப் பிறகு பல்கலைக்கழகக் காலம் முழுக்க என்னிடம் எதையும் கேட்கவில்லை. போய் வந்த பிறகு சொல்வாள், சில நேரம் சொல்லவும் மாட்டாள்.

உடுப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. கவுண்தான் போட வேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை. சேலையில், லெகங்காவில், வேட்டியில் போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வேட்டி கட்டி வந்த ஒரு தம்பியை அவனுடைய வெள்ளைக்காரக் கூட்டாளிகள் சுற்றி நின்று எப்படிக் கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு 2020 வந்தது. என் மகன் அந்த வருடம் பதினோராம் ஆண்டு. மூத்தவளுக்கு நடந்ததை நினைத்து அவனுடைய ப்ரொம் சீட்டை ஜனவரியிலேயே எடுத்து வைத்தேன். மார்ச் 18, புதன்கிழமை பின்னேரம், கொரோனாவால் பாடசாலைகள் மூடப்படும் என்று அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமையோடு எல்லாம் முடிந்தது. அந்தக் கோடையில் பரீட்சையும் இல்லை, பிரியாவிடையும் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் சட்டை முழுக்கக் கையெழுத்தோடு வீட்டுக்கு வந்து, “அம்மா, இதைத் தோய்க்க வேண்டாம்” என்றான். இன்னும் தோய்க்கவில்லை. பரீட்சை நின்றதற்கு அழாத பிள்ளை, மேடை நாடகம் நின்றதற்கு அழுதான். மூன்று மாதம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். படிப்பை அவன் பிறகு பிடித்துக்கொண்டான். அந்த நாடகத்தைப் பிடிக்க முடியவில்லை.

பரீட்சை மண்டபத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது பாடம் எடுக்கும் பிள்ளை ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட வினாத்தாள் எழுதுகிறது. கணிதம் மட்டும் மூன்று, விஞ்ஞானம் ஆறு. ஜூன் நடுப்பகுதியில் அந்த முகங்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். கடைசி வினாத்தாளை நாங்கள் சேர்த்து முடித்து “போகலாம்” என்றதும் பிள்ளைகள் வெளியே போய்ப் புல்லில் விழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், சிலர் அழுவார்கள். அதே நேரம் எங்கள் பிள்ளைகள் சிலர் வாசலில் நிற்கும் காரை நோக்கி அவசரமாக நடப்பார்கள். பின்னிருக்கையில் அடுத்த வகுப்புக்கான புத்தகப் பை இருக்கும். ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது மேற்பார்வையாளர் அல்ல, 2017இன் அந்தத் தாய்.

பத்தாம் ஆண்டு வேலை அனுபவக் கிழமைக்கு மாமாவின் கடையில் நின்றதாகக் கையெழுத்து வாங்கி, அந்த ஐந்து நாளும் வீட்டிலிருத்திப் படிப்பிப்பதையும் விட்டுவிடுங்கள். கடையில் உண்மையாகவே நின்றால் அதுவும் நல்ல அனுபவம்தான். பொய்க் கையெழுத்துத்தான் கூடாது, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

விமானச் சீட்டு மலிவு என்று ஜூலை முதல் கிழமையிலேயே கொழும்புக்குப் பறப்பவர்களுக்கும் சொல்கிறேன். 2024 ஓகஸ்டிலிருந்து அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் தவறினால், ஒரு பிள்ளைக்குத் தாய் தகப்பன் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்ஸ் தண்டம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை என்றால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குப் பெரும்பாலும் இங்கே பள்ளி மூடிய பிறகுதான் கொடியேறும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் நேரம் இருக்கிறது.

ரியூசன் நடத்தும் ஆசிரியர்களே, உங்களில் பலர் எங்கள் பிள்ளைகளைக் கைதூக்கி விட்டவர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளின் ஜூலை மாத நாட்காட்டியை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். விளையாட்டுப் போட்டி, இசை மாலை, ப்ரொம் நாட்களில் வகுப்பை மாற்றி வையுங்கள். வகுப்பில்லை என்று நீங்கள் சொன்னால் பெற்றோர் கேட்பார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடம் சொல்வதைவிட உங்கள் சொல் பெரிது.

என் கடைசி மகள் இந்த வருடம் பதினோராம் ஆண்டு. சீட்டு எடுத்தாயிற்று, ஹூடியும் வந்துவிட்டது. ப்ரொமுக்குச் சேலைதான் உடுப்பேன் என்று நிற்கிறாள். போன சனிக்கிழமை மூத்தவள் வேலை இடத்திலிருந்து நேரே வந்து, என் அலுமாரியைத் திறந்து, மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரத்தை எடுத்துத் தங்கைக்குக் கொசுவம் வைத்துப் பார்த்தாள். ஒரு மணித்தியாலம் இருவரும் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். அன்றைக்குத் தானே வந்து உடுத்திவிடுவதாகவும், மண்டபத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுவதாகவும் சொல்லியிருக்கிறாள். நான் வரட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வாங்கோ அம்மா, பின்னுக்கு இருங்கோ” என்றாள்.

உங்கள் கைபேசியில் பாடசாலை அனுப்பிய செய்திகள் திறக்கப்படாமல் கிடக்கும். இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி அவற்றைத் திறந்து பாருங்கள். சீட்டுக்கான கடைசித் திகதி இன்னும் போயிருக்காது.

அன்புடன்,
மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி