சொதி சாப்பிட வா, கோமு

பாளையங்கோட்டை,
டிசம்பர் முதல் வாரம்

அன்புள்ள கோமு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நல்ல மழை. தபால்காரர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். ஓரத்தில் மை கொஞ்சம் ஊறியிருந்தாலும் நீ எழுதியிருந்த கடைப் பெயர்கள் எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. இந்தக் குளிருக்குச் சென்னையில் எங்கெங்கே போய் என்னென்ன சாப்பிடலாம் என்று நாலு பக்கம்! சாரா டக்கர் காலேஜில் எனக்கும் சேர்த்து நோட்ஸ் எடுப்பாயே, அதே அக்கறை. இரண்டு தடவை படித்தேன்.

வருகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் 26ஆம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறேன். மியூசிக் அகாடமி கச்சேரிகள் ஜனவரி 1 வரை இருக்குமே, அதற்குள் சபா கான்டீன்களுக்கு என்னைக் கூட்டிப் போய்விடு. நீ எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். மார்கழியில் சில வாரம் மட்டும் நடக்கும் சாப்பாட்டுக் கடை, டிக்கெட் வாங்காதவர்களும் உட்கார்ந்து இலையில் சாப்பிடலாம் என்பதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. பாட்டு உன் பாடு, சாப்பாடு என் பாடு.

கிண்டியில் கிராண்ட் சோழா ஹோட்டலுக்குள் இருக்கும் ஆவர்தனாவைப் பற்றி, "உனக்கு ஒத்து வருமா?" என்று கேட்டிருக்கிறாய். ஏன் ஒத்து வராது? தக்காளி ரசத்தைத் தெளிவாக வடித்துக் கண்ணாடிக் கோப்பையில் தருகிறார்கள் என்றால், அந்த ரசத்தை ஒருவர் நிதானமாகக் கவனித்துக் குடிக்கட்டும் என்றுதானே தருகிறார்கள். நம் வீடுகளில் ரசத்தை யார் கவனித்தார்கள்? குழம்புக்கும் மோருக்கும் நடுவில் அவசரமாக ஊற்றிக்கொண்டோம். 2017இல் திறந்த இடம், புதிது என்று சொல்ல முடியாதுதான், ஆனாலும் ஒரு தடவை போவோம். பணத்தை நாம் இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். அப்புறம் அந்தக் கப்பா சக்கா காந்தாரி. கேரளத்து வீட்டு அடுப்படிகளையும் கள்ளுக்கடைகளையும் வருடக்கணக்காகச் சுற்றிப் பார்த்துக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து ஆரம்பித்த கடை என்று என் மகளும் சொல்லியிருக்கிறாள். அங்கே கட்டாயம் போக வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில், "நம்ம ஊர்ல புதுசா என்ன இருக்கு, அதே அல்வாதானே" என்று எழுதியிருக்கிறாய். கோமு, அதைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அல்வா இருக்கிறது. கீழரத வீதியில் சாயங்காலம் இருட்டுக்கடை வாசலில் இன்னமும் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. நான் சொல்ல வருவது வேறு. நம்ம ஊரில் சொதி விற்கிறார்கள்.

1986இல் உன் கல்யாணத்து மறுவீட்டில்தான் நான் முதன்முதலாகச் சொதி சாப்பிட்டேன். எங்கள் முதலூர்ப் பக்கம் அந்தத் தேங்காய்ப்பால் குழம்பு கிடையாது. எங்களுக்குத் தேங்காய்ப்பால் என்றால் மஸ்கோத் அல்வாதான். டவுனில் சைவப் பிள்ளைமார் வீட்டுப் பந்தியில் யாராவது கூப்பிட்டு உட்கார வைத்தால்தான் சொதி உண்டு. நீ என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் உன் அத்தை பக்கத்தில் உட்கார வைத்தாய். அன்றைக்கு ஒரு பார்வை பார்த்தவர்களும் இருந்தார்கள், உனக்கும் தெரியும். வெள்ளையாக, சூடாக, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மிதக்க, பக்கத்தில் இஞ்சித் துவையல். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இருபது வருடத்தில் நாலைந்து கல்யாணம், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சொதி.

இப்போது என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு மெஸ். ஒரு வீட்டின் முன்கட்டு, ஆறு மேஜை. நடத்துகிறவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணச் சமையல் தவசுப்பிள்ளைகளிடம் தேங்காய் துருவவும் பால் பிழியவும் போய், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். முதலில் நம்ம வண்ணார்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்தாள். 2023 டிசம்பர் 17, 18இல் அடித்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அதில் கிரைண்டர், அரிசி, பாத்திரம் எல்லாம் போயிற்று. மூன்று மாதம் கழித்து மேட்டில் இங்கே இடம் பிடித்து, இரண்டு அடுப்பில் மறுபடி ஆரம்பித்தாள்.

புதன்கிழமை உளுந்தஞ்சோறு. தொலி உளுந்தைச் சிவக்க வறுத்து, வெந்தயமும் பூண்டும் தேங்காயும் போட்டு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். சனிக்கிழமை கூட்டாஞ்சோறு, முருங்கைக்கீரை கை நிறையப் போட்டு. ஞாயிற்றுக்கிழமை சொதி. மூன்று பால் எடுக்கிறாள். மூன்றாம் பாலில் காயும் சிறுபருப்பும் வேகும், இரண்டாம் பால் நடுவில். முதல் பால் விட்டதும் கொதிக்க விடுவதில்லை, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுவாள். காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும் மட்டும். எலுமிச்சம்பழம் சூடு தணிந்த பிறகுதான். புறவழிச்சாலையில் புதிதாக வந்திருக்கும் ஒரு பெரிய ஹோட்டலிலும் "பாரம்பரியச் சொதி" என்று பலகை இருக்கிறது. போய்ச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் பொடியைக் கரைத்து, மாவு போட்டுக் கெட்டியாக்கியிருந்தார்கள். நாக்கில் ஒட்டியது. விலை மூன்று மடங்கு. நீ வரும்போது அங்கே போக வேண்டாம்.

இவர் போன பிறகு ஒருத்திக்காக உலை வைக்க எனக்கு மனசு வருவதில்லை. முதல் தடவை மெஸ்ஸுக்குப் போனபோது வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றேன். நாம் படிக்கையில் ஹோட்டலுக்குத் தனியாகப் போயிருக்கிறோமா? உன் அண்ணன் துணைக்கு வந்தால் உண்டு. அதுவும் திரை போட்ட ஃபேமிலி ரூமுக்குள் உட்கார்ந்து, தோசையை யாரும் பார்த்துவிடாமல் சாப்பிட்ட மாதிரி சாப்பிட்டு வந்தோம். இந்த மெஸ்ஸில் நான் போன அன்றைக்கு ஆறு மேஜையில் மூன்றில் பெண்கள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ், யூனிஃபார்மோடு. ஒருத்தி ஜவுளிக்கடை வேலைக்குப் போகிற பிள்ளை. என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சோற்றின் நடுவில் குழி பறித்துச் சொதியை ஊற்றிக்கொண்டு அந்தப் பிள்ளை சாப்பிட்டதைப் பார்த்ததும் எனக்கு உன் மறுவீட்டுப் பந்தி ஞாபகம் வந்துவிட்டது. அவளை யாரும் கையைப் பிடித்துக் கூட்டி வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்றும் யாரும் கேட்கவில்லை.

வீட்டுச் சாப்பாடு கடைக்கு வந்தால் அதன் மதிப்புப் போய்விடும் என்று உன் தம்பி வாதாடுவான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்த சாப்பாடு அந்த வீட்டு அம்மாக்களோடு போய்விடுகிறது, கோமு. உன் அம்மா போனதிலிருந்து நீ சொதியே சாப்பிடவில்லை என்று போன வருடம் எழுதினாய். உன் மருமகளுக்கு அதைச் சொல்லித்தர உனக்கும் நேரம் வாய்க்கவில்லை. அந்தக் கேரளத்துக் கடைக்குப் போக ஆசைப்படுவதும் இதனால்தான். வீடு வீடாகக் கேட்டு எழுதியதால் எத்தனையோ பெயர் தெரியாத பெண்களின் கை அந்தக் கடையில் இருக்கும்.

ஒரு விஷயம். வழியெல்லாம் "கருப்பட்டிக் காபி" பலகை பார்ப்பாய், எல்லாவற்றையும் நம்பாதே. பதநீர்ப் பருவம் பங்குனி வாக்கில்தான் ஆரம்பிக்கும், இப்போது இருப்பதெல்லாம் பழைய கருப்பட்டி. அதிலும் சீனி கலந்தது நிறைய. நல்லதாக ஒரு சிப்பம் ஊரிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன், காபி என் வீட்டில்.

நான் சென்னையிலிருந்து திரும்பும்போது நீயும் கூடவே கிளம்பி வா. திருவாதிரைக்கு நெல்லையப்பர் கோயில் தாமிர சபை தரிசனம் நீ பார்த்து எத்தனை வருடம்! உங்கள் டவுன் வீட்டில் களியும் தாளகக் குழம்பும் செய்வார்கள் அல்லவா, எனக்கும் ஒரு தூக்குவாளி வேண்டும். சிறுகிழங்கு சந்தைக்கு வர ஆரம்பித்துவிட்டது. சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் போக்க எனக்கு இப்போது கை வலிக்கிறது, நாம் இரண்டு பேருமாகச் செய்தால் ஆகும். பொங்கல் வரைக்கும் இருந்தால் பனங்கிழங்கும் வந்துவிடும்.

அப்புறம், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்னதாகவே எழுது. மருமகளையும் கண்டிப்பாகக் கூட்டி வா. அவள் கேட்டால் அடுப்புப் பக்கத்தில் நின்று பார்க்க விடுவதாக மெஸ்காரி சொல்லியிருக்கிறாள். ஆள் கணக்குப் பார்த்துத்தான் அவள் தேங்காய் உடைப்பாள், நீங்கள் சாப்பிடப் போகும் ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமைக்குள் நான் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
எஸ்தர்