பந்தலைப் பிரித்துவிட்டேன், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

பந்தலைப் பிரித்துவிட்டேன். வேறு யாராவது சொல்லி உங்கள் காதில் விழுவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேலையைப் பாதியில் விட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூங்கில் எல்லாம் உளுத்துப்போயிருந்தது. கிழக்கு ஓரத்துக் கால்கள் இரண்டும் மண்ணுக்குள் கறையான் அரித்து, மேலே மட்டும் பார்வைக்கு நின்றன. புதிதாகக் கால் நட்டு மறுபடியும் போட்டிருக்கலாம். கைவசம் மரமும் இருந்தது. போடவில்லை. அந்த இடத்தில் கொய்யாப் பதியன்கள் நான்கு வைத்திருக்கிறேன். இனி அங்கே சுரை ஏறாது.

நீங்கள் போய் இந்த மாதத்தோடு 9 ஆண்டுகள். ஏன் போனீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அது வேண்டாம். தனியாக ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் பொய் சொன்னது நாலு பேர் கூடியிருந்த களத்தில். உண்மையை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்ப மனம் ஒப்பவில்லை.

அதற்கு முன் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கேட்கமாட்டீர்கள்.

மாங்காயை இன்னும் நீங்கள் காட்டியபடிதான் இறக்குகிறேன். விரல் நீளக் காம்போடு அறுத்து, நிழலுக்குக் கொண்டுபோய்க் காம்பைக் கிள்ளிக் குப்புறக் கவிழ்த்துப் பால் வடியவிடுகிறேன். பால் பட்ட தோல் கருகும், பழுக்கும்போது அந்த இடம்தான் முதலில் கெடும் என்று சொல்வீர்களே, ஒரு வருடம் நம்பாமல் ஒரு கூடை அப்படியும் ஒரு கூடை இப்படியும் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. தக்காளியில்தான் தோற்றேன். காயின் அடி கறுத்து அமுங்கிப்போகும். பூச்சி என்று நினைத்து இரண்டு வருடம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் எல்லாம் தண்ணீர் விட்ட முறை. நான்கு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். ஈரம் ஒரே சீராக இருந்தால்தான் வேர் எடுக்கும் சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேருமாம். சருகையும் வைக்கோலையும் மூடாக்காகப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக நீர் விடத் தொடங்கியதும் அடுத்த காய்களில் கறுப்பு இல்லை. நீங்கள் இருந்தவரை அந்தக் கறுப்பு நம் தோட்டத்துக்குள் வந்ததே கிடையாது. ஏன் வரவில்லை என்று நீங்கள் சொல்லித் தந்ததும் கிடையாது. உங்கள் கைக்குத் தெரிந்ததை உங்கள் வாய் ஒருநாளும் சொன்னதில்லை, அத்தை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கத் தவறினால் அது எங்கள் தலையெழுத்து.

இருக்கட்டும். சுரைக்கு வருகிறேன்.

உங்கள் சுரைக்குப் பெயர் கிடையாது. கழுத்து ஒடுங்கி, வயிறு உருண்டு, வெளிர்பச்சையில் வெள்ளைத் தேமல் விழுந்திருக்கும். அதை வேறு எங்கும் நான் பார்க்கவில்லை. மற்றப் பூக்கள் அடங்கும் பொழுதில்தான் சுரை விரியும். அன்று மாலை விரியப்போகும் மொட்டு எது என்று பகலிலேயே கண்டுபிடித்து, ஆண் மொட்டு இரண்டையும் அடியில் பிஞ்சு வைத்த பெண் மொட்டு ஒன்றையும் நூலால் வாய் கட்டிவிடுவீர்கள், வண்டும் அந்துப்பூச்சியும் வேற்றுக் கொடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடாமல். இருட்டியதும் விளக்கைப் பிடிப்பது என் வேலை. ஆண் பூவைக் கிள்ளி, அதன் இதழ்களை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாக ஒற்றி, திரும்பவும் நூல் கட்டுவீர்கள். அதன் பிறகு காம்பில் ஒரு நீலத் துணிக் கிழிசலை முடிந்துவிடுவீர்கள். அந்த முடிச்சு விழும் வரை எனக்கு மூச்சு விடவே பயமாக இருக்கும். அப்போது எனக்கு 10, 11 வயது. உங்கள் தோளில் எருவும் இலைச்சாறும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றும் மழைக்கு முன் எருக்குழியைக் கிளறும்போது அந்த வாசனை வந்தால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.

ஒவ்வொரு கொடியின் முதல் காயிலும் ஒரு சீவல் எடுத்து நாக்கில் வைத்துத் துப்புவீர்கள். கசந்தால் கொடியை வேரோடு பிடுங்கிவிடுவீர்கள், எத்தனை காய் தொங்கினாலும். கசப்புச் சுரை வெறும் ருசிக் குறை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். வாந்தியும் வயிற்றில் இரத்தக் கசிவுமாக ஆளையே சாய்த்துவிடும் நஞ்சு அதில் இருக்கிறது என்பதைப் பின்னால்தான் படித்தேன். நான் புத்தகமும் கையுமாக நிற்கும்போதெல்லாம் ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பீர்கள். அந்தக் காரணத்தை எனக்குச் சொன்னது ஏடுதான்.

அந்தக் காலையில் எனக்கு 22 வயது. சிறு பெண் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அந்த ஆண்டு உங்களிடம் இருந்த விதை முழுவதையும் ஊன்றிவிட்டீர்கள். பழையது, சரியாக முளைக்கவில்லை. முளைத்த மூன்று கொடிகளில் இரண்டு வாடிவிட்டன. மிஞ்சிய ஒன்றில் ஒரு காயை விதைக்கு விட்டிருந்தீர்கள். பூத்து இரண்டு வாரத்தில் பறிக்க வேண்டிய காய் இரண்டு மாதத்துக்கும் மேலாகக் கொடியிலேயே நின்று, ஓடு இறுகி, காம்பு காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். அதுவரை கொடி தன் பலத்தையெல்லாம் அந்த ஒரு காய்க்கே ஊட்டும். புதுப் பிஞ்சுகள் வெம்பி விழும். விழுந்துகொண்டுதான் இருந்தன. தினமும் அவற்றைப் பொறுக்கி எருக்குழியில் போட்டவள் நான்.

அன்று வேலியோரத்து நாட்டுக் கொடிகளில் நான்கு காய் பறித்தாயிற்று. ஐந்து வேண்டும். யாருக்கு, எதற்கு என்பதை இங்கே எழுதமாட்டேன். அவர்கள் இதைப் படிக்கக்கூடும், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று வாரக் காய். நகம் முழுதாக இறங்கவில்லை என்றாலும் இன்னும் சமைக்கலாம் என்ற நிலையில் இருந்தது.

முந்தின நாள் களத்தில் எல்லோர் முன்னும் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? ‘இவள் கை பட்டால் பச்சையும் வாடும்.’ கத்தரி நாற்றை நான் உச்சி வெயிலில் பிடுங்கி நட்டதற்காகச் சொன்னீர்கள். தவறு என்னுடையதுதான். மாலையில் நட்டு நிழல் கட்டியிருக்க வேண்டும். ஆனால் 12 ஆண்டுகள் உங்களுக்கு விளக்குப் பிடித்தவள் நான். அந்தச் சொல்லைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

துணி அவிழ்ந்து விழுந்துவிட்டது, அது விதைக்காய் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவந்தது இது. நடந்தது அப்படியில்லை. துணியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அறுத்தேன். காயோடு சேர்ந்து துணியும் கையில் வந்தது. அதையும் கத்தியால் அறுத்து வேலிப் பக்கம் எறிந்தேன்.

காய் இல்லாத கொடியைப் பார்த்துவிட்டு நீங்கள் களத்துக்கு வந்து கேட்டபோது நான் நிறுத்தி நிதானமாகப் பொய் சொன்னேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. திரும்பி நடந்தீர்கள். பின்னாலேயே கொஞ்சம் தள்ளி வந்தேன். வேலியோரம் குனிந்து அந்தத் துணியை எடுத்தீர்கள். முடிச்சு நீங்கள் போட்டபடியே இறுகிக் கிடந்தது. துணிதான் அறுபட்டிருந்தது. அறுபட்ட ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினீர்கள். இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு வெண்டைப் பாத்திக்குள் இறங்கிப் பறிக்கத் தொடங்கினீர்கள். ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்துப் பார்த்து, முற்றலைத் தனியே போட்டு, எப்போதும் போல. நான் வரப்பில் நின்றுகொண்டே இருந்தேன். வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்குப் போனீர்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

உங்களுக்கு அன்றே தெரியும். எனக்கும், உங்களுக்குத் தெரியும் என்பது தெரியும். அதன் பிறகு இரண்டு மாதம் ஒரே அடுப்பில் சமைத்து உண்டோம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம், நான் அப்போதே காலில் விழுந்திருப்பேன். நீங்கள் பேசாமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று சொல்வார்கள். எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை, அத்தை. என்னை அந்த வரப்பிலேயே 9 ஆண்டுகள் நிற்கவைத்துவிட்டுப் போனீர்கள்.

இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

காயில் பாதியைத்தான் கொடுத்தேன். மீதிப் பாதியை உங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்து, விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினேன். பால் வற்றாத விதை. உலர்ந்ததும் உமிபோல ஒட்டிப்போயிற்று. ஊன்றியும் பார்த்தேன், 31 விதை. ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை. சுரைக் குடுக்கை கடல் நீரில் 224 நாட்கள் மிதந்த பிறகும் உள்ளே இருந்த விதை முளைத்ததை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் காட்டுச் சுரை அப்படி மிதந்துதான் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது என்றும் சொல்கிறார்கள். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. அவ்வளவு உறுதியான விதையை முற்றவிடாமல் அறுத்திருக்கிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை. அந்த விதையை ஏன் ஒருவருக்கும் கொடுக்கவில்லை? எத்தனை பேர் கேட்டார்கள்! ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று எல்லோரையும் அனுப்பினீர்கள். பத்து விதை வேறொரு தோட்டத்தில் இருந்திருந்தால் நான் ஓடிப்போய்க் கேட்டு வாங்கி வந்திருப்பேன். ஒரே பானை, ஒரே கொடி, ஒரே காய் என்று கடைசியில் அது என் கத்தியின் முன்னால் வந்து தொங்கியது. என் குற்றத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைக்கத்தான் சொல்கிறேனோ என்னவோ. எதுவானாலும், கேள்வி கேள்விதான். இப்போது என்னிடம் இருக்கிற அவரை, பீர்க்கு, கத்தரி எதுவானாலும் விதை எடுத்ததும் முதலில் மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் போன அடுத்த மழைக்கு எருக்குழி ஓரத்தில் தானாக ஒரு சுரை முளைத்தது. ஒருவரிடமும் சொல்லாமல் கொம்பு நட்டு ஏற்றினேன். காய்த்தது. ஒடுங்கிய கழுத்து, வெள்ளைத் தேமல். அறுத்துச் சீவி நாக்கில் வைத்தேன். கசந்தது. எந்தக் கொடியோடு கலந்து வந்ததோ தெரியவில்லை. பிடுங்கிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தாலும் பிடுங்கியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் பக்கத்தில் இருந்து பிடுங்கியிருக்கலாம்.

அதன் பிறகு 8 ஆண்டுகள் வாங்கிய விதையைப் போட்டுத்தான் அந்தப் பந்தலை நிரப்பினேன். வீரிய ஒட்டு. ஒரே அளவில் நீளமாகக் காய்க்கும், கூடை நிறையும். அதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த ஆண்டு தாயைப்போல வராது என்பதால் விதைக்காயே விட வேண்டியதில்லை. நூல் வேண்டாம், துணி வேண்டாம், மாலையில் விளக்கு வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் அதன் அடியில் நின்று பறிக்கும்போது முதுகு கூசும். கறையான் வந்ததும், உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது.

கொய்யாவைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் இல்லை. அது புதுத் துளிரில் பூக்கிற மரம். காய்ப்பு முடிந்ததும் பயப்படாமல் கவாத்துச் செய்யலாம், அடுத்த பூ அந்த வெட்டிலிருந்துதான் வரும். பதியன் என்பதால் தாய் மரத்தின் குணம் மாறாது. நான்கில் இரண்டு, நீங்கள் பிஞ்சிலேயே உப்பு தொட்டுத் தின்கிற அந்தக் கிணற்றடி மரத்திலிருந்து எடுத்தவை.

வர வேண்டும் என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிடும் தகுதி எனக்கு உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த நீலத் துணி இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். எறிந்துவிட்டீர்கள் என்றாலும் சொல்லுங்கள்.

வெண்டை பறித்து இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்றும் விட்டால் நாராகிவிடும், செடியும் பூப்பதைக் குறைத்துவிடும். சுணைக்குக் கையில் சுற்றிக்கொள்ள நீங்கள் தைத்த பழைய கைத்துணிதான் இன்னும். வெயில் ஏறுவதற்குள் இறங்க வேண்டும்.

உங்கள் மருமகள்