படி ஏறாத வண்டி போதும், தம்பி

அன்பு மகனுக்கு,

ஆத்தா எழுதுவது. கானாடுகாத்தானில் எல்லோரும் நலம். எனக்குத் துணையாகப் பேசும் ரோபோ வாங்கி அனுப்புவதாகப் போனில் சொன்னாயே, அது வேண்டாம்ப்பா. பேச்சுத்துணை வீட்டு வளவுக்குள்ளேயே வந்துவிட்டால் நான் வாசலுக்கு வருவதும் நின்றுவிடும்.

நம் தெரு உனக்குத் தெரியாததா? முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகள்தான் அதிகம். இருக்கிற நாலைந்து பேரும் ஆளுக்கொரு கம்பிக் கதவுக்குப் பின்னால். எதிர்வீட்டு ஆச்சி இருமுவது எனக்குக் கேட்கிறது, முகம் பார்த்துத்தான் நாளாகிறது. அவர்களுக்கு முட்டுவலி, எனக்குப் படி இறங்கப் பயம்.

2009இல் நியூயார்க்கில் கேசி கின்சர் என்ற பெண் அட்டையில் செய்து ஒரு பூங்காவில் ஓடவிட்ட குட்டி ரோபோவைப் பற்றிப் படித்தேன். சிரித்த முகம், போகவேண்டிய இடம் எழுதிய கொடி, நேரே ஓடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. முட்டி நின்றபோதெல்லாம் போகிறவர் வருகிறவர் குனிந்து திருப்பிவிட்டார்கள். ‘அந்தப் பக்கம் ரோடு, போகாதே’ என்று ஒருவர் அதனிடமே சொன்னாராம்! 29 பேர் கைகொடுத்து, 42 நிமிடத்தில் பூங்காவின் மறுமூலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜப்பானில் ஷிபாட்டா என்பவர் செய்த பாரோ என்ற சீல் குட்டி ரோபோவுக்கும் வாய்ப்பேச்சு கிடையாது. ஆனாலும் முதியோர் இல்லங்களில் அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தங்களுக்குள் அதிகம் பேசினார்களாம்.

எனக்கும் அப்படி ஒன்று செய்து கொடு. தூக்குச்சட்டி வைக்கிற அளவுக்கு ஒரு சின்ன வண்டி. எதிர்வாசலில் போய் நின்று மணியடித்தால் போதும். படி ஏற மட்டும் பழக்காதே. ஏறத் தெரிந்தால் பணியாரத்தை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிவிடும். கீழேயே நின்றால்தான் ஆச்சி திண்ணைக்கு வந்து, தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு எடுத்துத்தரச் சொல்வார்கள். நானும் என் திண்ணையில் இருப்பேன். உப்பு, உறைப்பில் ஆரம்பித்து ஊர்க்கதை வரை பேசலாம்.

கேமரா வேண்டவே வேண்டாம். வேவு பார்க்கிற வண்டி என்று பேர் வந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். கனடாவை லிஃப்ட் கேட்டே கடந்த ஹிட்ச்பாட் என்ற ரோபோவை 2015இல் ஃபிலடெல்ஃபியாவில் உடைத்துப் போட்டார்களே, அதை நினைத்தாலும் மனசு கேட்கவில்லை. பாத்திரத்தில் வெட்டுவதுபோல நம் விலாசத்தை வண்டியிலும் வெட்டிவிடு, யார் வீட்டு வண்டி என்று தெரியட்டும்.

பிள்ளையார் நோன்புக்கு முன்னால் கொண்டு வா. இந்த வருஷம் தெருவில் இருக்கிறவர்கள் எல்லோரும் நம் வளவில் கூடி, மாவில் திரி ஏற்றி இழை எடுக்கவேண்டும். அழைப்புச் சொல்ல அதைத்தான் அனுப்பப்போகிறேன்.

அன்புடன்,
ஆத்தா