குழந்தைகள் அறைக்கு ஒரு நூலகர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நூலகங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டடம், கணினி, இலவச வைஃபை என்று எல்லாம் அதில் இருந்தன. குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் நூலகரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதி நூலகத்தில் பல வருடங்கள் குழந்தைகள் நூலகராக ஒரு ஜூலு இனத்து அம்மா இருந்தார். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. கவுன்டரில் புத்தகம் கொடுத்து வாங்குபவரே குழந்தைகள் அறையையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளி விட்டதும் ப்ராஜெக்டுக்கு நகல் எடுக்க வந்து நிற்கும் வரிசையைச் சமாளிக்கவே அவருக்கு நேரம் போதாது. அதனால் அந்த அறை பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. திறந்திருக்கும் நாளிலும் பிள்ளைகள் வருகிறார்கள், அலமாரியைப் பார்க்கிறார்கள், எதை எடுப்பது என்று தெரியாமல் கைப்பேசியோடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலைக்குப் போன அம்மா ஐந்து மணிக்கு வந்து கூட்டிப் போகும்வரை அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்த நூலகர் அம்மா செய்த வேலை என்னவென்று என் பேரன் விஷயத்தில் நேரில் பார்த்தேன். அவனுக்கு அப்போது 8 வயது. வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னபோது அவன் திக்க, மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து புத்தகம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்த அம்மா அவனிடம் புத்தகப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் நாய் உண்டா, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாய் என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மூன்று புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றில் ஒன்று மீன்களைப் பற்றியது. தாத்தாவோடு கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போவதை அவன் போகிற போக்கில் சொன்னதை மனதில் வைத்திருந்திருக்கிறார். ஒரு பக்கத்தைத் திற, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கிவிட்டால் இந்தப் புத்தகம் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்தார். காத்திருப்பது புத்தகம்தான் என்பதால் பிள்ளைக்கு அதில் வெட்கம் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவனே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளைத் தந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அவற்றுள் இரண்டு. பெரியவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எதைக் கேட்பது என்றே தெரியாது. நூலுக்கும் பிள்ளைக்கும் நடுவே நின்று சேர்த்துவைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பிள்ளைகளையும் தெரிந்திருக்க வேண்டும், அலமாரியையும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஜூலு அம்மாவின் சனிக்கிழமைக் கதை நேரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூலு வழக்கப்படி "க்வெசுகெசுகேலா" என்று தொடங்குவார். நம் 'ஒரு ஊரிலே' மாதிரிதான். பிள்ளைகள் ஒரே குரலில் ஒரு சொல்லைப் பதிலாகச் சொல்ல வேண்டும். அதன் முதல் ஒலியை எழுதத் தமிழில் எழுத்து கிடையாது. நாம் உச்சுக் கொட்டும்போது நாக்கு பல்லில் பட்டு எழுமே, அதே ஒலி. பதில் வந்தால்தான் கதை நகரும். எங்கள் ஆயாவும் அப்படித்தான், யாராவது உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவாள். இதை அவரிடம் சொன்னேன். "அப்படியானால் மா, அடுத்த வாரம் உங்கள் மொழியில் ஒரு கதை சொல்லுங்கள்" என்று உட்காரவைத்துவிட்டார். காக்கா வடை தூக்கிய கதையைச் சொன்னேன். டர்பன் பிள்ளைகளுக்கு வடை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஜூலுப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சேர்ந்து உம் கொட்டினார்கள். பின்பு அவர் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் தளத்திலிருந்து ஜூலு கதைகளையும், ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ்க் கதைகளையும் அச்செடுத்து, டேப் ஒட்டித் தைத்து அலமாரியில் வைத்தார். இரண்டுமே யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியவை. எங்கள் 1996 அரசியல் சட்டம் மதித்துப் போற்றச் சொல்லும் மொழிகளில் தமிழும் ஒன்று. அந்த வரிக்கு உயிர் கொடுத்தவர் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத இந்த அம்மா.

இதெல்லாம் ஆசைக்குச் செய்யும் சங்கதி, அவசியமில்லை என்று சிலர் நினைக்கலாம். 2021-இல் நடந்த பிர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்புத் தேர்வில் தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்கும் நிலையை எட்டவில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததை மட்டும் காரணம் சொல்ல முடியாது, 2016-லேயே அது 78 சதவீதமாக இருந்தது. இங்கே பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகம் இல்லை. பொது நூலகத்தின் குழந்தைகள் அறைதான் பல பிள்ளைகளுக்கு முதல் நூலகம். யுனெஸ்கோ 2017-இல் டர்பனை இலக்கிய நகரம் என்று அறிவித்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த நகரத்தில் பிள்ளைக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

எனக்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. நான் பிறந்தது 1956-இல். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த, 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டத்தின் காலத்தில் வளர்ந்தவள். வெள்ளையருக்கான நூலகத்தின் படிக்கட்டில்கூட உட்கார முடியாது. அந்தச் சட்டம் 1990-இல் நீங்கியபோது எனக்கு 34 வயது, குழந்தைகள் அறையில் உட்காரும் வயது எப்போதோ போய்விட்டது. இன்று எந்தப் பிள்ளையும் உள்ளே வரலாம். வந்த பிள்ளையை வா என்று கூப்பிட யாரும் இல்லை.

இடத்தை ஏன் நிரப்பவில்லை என்று நகராட்சியைக் கேட்டால் மாகாணத்தைக் கைகாட்டுகிறார்கள், மாகாணத்தைக் கேட்டால் நகராட்சியை. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி நூலகம் மாகாணத்தின் பொறுப்பு, நடத்துவதோ பெரும்பாலும் நகராட்சி. இந்த இழுபறியில்தான் காலியிடங்கள் காலியாகவே இருக்கின்றன.

இங்குள்ள தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகராட்சியின் நிதி ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. மார்ச் முடிவதற்குள் வரைவு பட்ஜெட் வந்துவிடும், அதன் பிறகு பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். சாலை, தண்ணீர், மின்வெட்டு பற்றி எழுதும்போது குழந்தைகள் நூலகர் பணியிடம் பற்றியும் ஒரு வரி சேருங்கள். வார்டு கவுன்சிலரிடமும் நேரில் கேளுங்கள். ஆள் எடுக்கும்போது சான்றிதழை மட்டும் பார்க்காமல், பத்துப் பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து ஒரு கதை படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை சனிக்கிழமை காலையில் கதை சொல்ல நான் வருகிறேன் என்று நூலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கதை தெரியும். திக்கிப்போன பிள்ளையின் முன்னால் எந்த மூன்று புத்தகங்களை வைப்பது என்பது எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா