கேட்காமல் ஊற்றிய நஞ்சு

சாக்ரமெண்டோ, கலிபோர்னியா

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மீன்களைக் காப்பதற்கென்றே இருக்கும் துறையின் மீது இங்குள்ள தூண்டில்காரர்களுக்கு ஏன் இவ்வளவு மனக்கசப்பு என்று கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகள் மீன்துறையில் வேலை பார்த்தவன் நீ. உன் கேள்வியில் துறைக்காரர்கள் மீதான பரிவு தெரிகிறது. நான் ஆண்டுதோறும் டிரவுட் என்னும் குளிர்நீர் மீன் பிடிக்கப் போகும் டேவிஸ் ஏரியில் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே சொல்.

ஏரி என்பது பெயருக்குத்தான். சியரா நெவாடா மலையில், கிரிஸ்லி ஓடையின் குறுக்கே 1960களில் அணை கட்டித் தேக்கிய நீர் அது. அருகிலுள்ள போர்ட்டோலா என்ற சிற்றூருக்குக் குடிநீர் தந்ததும் அந்தத் தேக்கமே. விடுதி, தூண்டில் கடை, உணவகம் என்று பலருடைய பிழைப்பும் அங்கே மீன் பிடிக்க வருகிறவர்களை நம்பியே இருந்தது. 1994-இல் அதில் நார்தர்ன் பைக் என்னும் மீன் அகப்பட்டது. வாத்தின் அலகுபோல் தட்டையான வாயும் அது நிறையப் பற்களுமாக, எதிர்ப்படும் மீனையெல்லாம் விழுங்கும் இந்த இனம் கலிபோர்னியாவுக்கு உரியதன்று. யாரோ திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். அணையைத் தாண்டி ஃபெதர் ஆற்றில் இறங்கி, சாக்ரமெண்டோ ஆற்றின் வழியே டெல்டாவை எட்டிவிட்டால் சால்மன் குஞ்சுகள் தப்பமாட்டா என்று மாநில வனவிலங்குத் துறை அஞ்சியது. அந்த அச்சம் நியாயமானது என்றே இன்றும் சொல்வேன்.

குஞ்சு விடுவதற்குமுன் நாற்றங்கால் குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து விராலையும் கெளுத்தியையும் ஒழிப்பீர்களே, அதே வேலையை ஓர் ஏரி முழுவதற்கும் ரோட்டினோன் என்னும் மீன்கொல்லி நஞ்சைக் கொண்டு செய்வது என்று துறை முடிவெடுத்தது. ஆனால் உன் குளத்து நீரை யாரும் குடிப்பதில்லை. ஊரார் எதிர்த்தார்கள், வழக்குமன்றம் போனார்கள், சிலர் ஏரியின் மிதவையோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். 1997 அக்டோபரில் காவலர்கள் புடைசூழ வந்து துறை நஞ்சை ஊற்றியே விட்டது. நீர் விரைவில் தெளிந்துவிடும் என்ற உறுதிமொழியும் பொய்த்தது. ரோட்டினோனோடு கலந்திருந்த துணைவேதிப்பொருள் ஒன்று மாதக்கணக்கில் நீரில் தங்கிவிட்டது. இறுதியில் ஊருக்கும் மக்களுக்கும் மாநிலம் 92 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. இவ்வளவுக்கும் பிறகு 1999-இல் பைக் மறுபடி தென்பட்டபோது ஊர் எப்படிச் சிரித்திருக்கும் என்று நினைத்துப் பார்.

(நஞ்சுக்குத் தப்பியவை பெருகினவா, மறுபடி எவனோ கொண்டுவந்து விட்டானா என்பது தீராத வழக்கு. பைக் மீனை ஆசைப்பட்டு உயிரோடு சுமந்து வந்தவன் துறைக்காரனாக இருந்திருக்க முடியாது, எங்களைப் போன்ற தூண்டில்காரன்தான். துறையைத் திட்டும்போது நாங்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.)

அடுத்த சில ஆண்டுகள் வலையாலும் மின்சாரத்தாலும், வெடிவைத்தும்கூட முயன்றார்கள். அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பைக் மீன்களை அள்ளியும் இனம் அழியவில்லை. 2007 செப்டம்பரில் நீர்மட்டத்தை வெகுவாக இறக்கி, அந்தத் துணைவேதிப்பொருள் சேராத கலவையாக ரோட்டினோனையே மறுபடி பயன்படுத்தினார்கள். முதன்முறை மிதவையில் பிணைத்துக்கொண்ட ஊர் இம்முறை பெரிதாக எதிர்க்கவில்லை. ஊராரையும் சேர்த்துக் குழு அமைத்து, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசி, கேட்ட கேள்விக்கெல்லாம் விடை சொன்ன பிறகே துறை ஏரியில் கைவைத்தது என்பது ஒரு காரணம். அது ஒன்றே காரணம் என்று சிலர் எழுதுவதை நான் முழுதும் ஏற்கமாட்டேன். வருகிறவர்கள் குறைந்து, கடைகள் வாடி, ஊர் சலித்துப் போயிருந்ததும் உண்மை. எப்படியோ, அதன்பின் அங்கே பைக் காணப்படவில்லை. டிரவுட் குஞ்சுகள் விடப்பட்டு ஏரி மீண்டும் பெயர் பெற்றுவிட்டது.

ஆனால் கசப்பு போகவில்லை, சுந்தரம். சென்ற இலையுதிர் காலத்தில் படகுத்துறையில் என்னருகே தூண்டில் கட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், கூடையில் நல்ல மீன்கள் கிடக்க, 1997-ஐ நேற்று நடந்ததுபோல் திட்டினார். 2007-ஐப் பற்றி நான் கேட்டதற்கு, "அது சரியாகச் செய்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மறுபடி 1997-க்கே போய்விட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ பணியிலிருந்த காலத்தில், அணையில் எந்த மீன்குஞ்சை விடுவது என்று அங்கே வலை வீசுகிறவர்களிடம் ஒரு தடவையாவது கேட்டதுண்டா? மழுப்பாமல் எழுது.

என்றும் அன்புடன்,
ராகவன்