ஆஸ்திரேலியப் பழம்படங்களுக்கு ஒதுக்கிய ஆண்டு: நமது திரைப்பட வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்நாட்டில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் இந்நாட்டுப் படங்களைப் பார்த்ததில்லை என்று உறுப்பினர் பலர் குறைபட்டதால், மெல்போர்னில் கூடும் நமது வட்டம் இவ்வாண்டுத் திரையிடல்கள் முழுவதையும் ஆஸ்திரேலியப் பழம்படங்களுக்கே ஒதுக்கியது.

பீட்டர் வீர் இயக்கிய 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' (1975) படத்துடன் தொடங்கினோம். 1900ஆம் ஆண்டு காதலர் தினத்தன்று பாறைக்குச் சுற்றுலா சென்ற பள்ளி மாணவியரில் சிலரும் ஓர் ஆசிரியையும் காணாமற்போவதற்குப் படம் கடைசிவரை காரணம் சொல்வதில்லை. ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் பாய்ட், மணப்பெண்ணின் முகத்திரைத் துணியை லென்ஸின் முன் கட்டிப் பெற்ற மங்கலான ஒளியை அனைவரும் வியந்தனர். விடை சொல்லாததைக் குறையாக வாதிட்டவர்களே, மாசிடன் மலைக்கு அருகிலுள்ள அப்பாறையைப் பார்த்துவர ஏற்பாடு செய்யுமாறு பின்னர் கேட்டுக்கொண்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நீண்ட விவாதத்தை எழுப்பியது டெட் கோட்செஃப் இயக்கிய 'வேக் இன் ஃபிரைட்' (1971). கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு சிட்னி புறப்பட்ட இளம் ஆசிரியர் வழியில் ஒரு சுரங்க நகரில் தங்கி, சூதில் கைப்பணம் முழுவதையும் இழந்து, மறுக்க மறுக்கப் பீர் ஊற்றிக் கொடுக்கும் ஊராரின் உபசரிப்பில் சிறிது சிறிதாகச் சீரழிகிறார். வெளியானபோது உள்நாட்டு மக்கள் இதை விரும்பவில்லை. காலப்போக்கில் நல்ல பிரதியும் கிடைக்காமற்போயிற்று. படத்தொகுப்பாளர் ஆண்டனி பக்லி விடாமல் தேடியதன் பயனாக, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், அழிப்பதற்கென்று குறித்து வைத்திருந்த பெட்டிகளிலிருந்து மூலச்சுருள்கள் 2004இல் மீட்கப்பட்டன. புதுப்பிக்கப்பட்ட படம் 2009இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. தன்னைப் புகழாத படத்தை ஒரு நாடு பிற்காலத்தில் தன் செல்வமாகக் கொண்டாடுவது எளிதில் நடப்பதன்று. இப்படங்களின்மீது பார்வையாளர் கொண்ட பற்றுக்கு இந்த ஒளிவுமறைவின்மையே வேர் என்பது என் கருத்து. கங்காரு வேட்டைக் காட்சிகள் உண்மையான வேட்டையில் படமாக்கப்பட்டவை என்பதால் சிலர் பாதியில் எழுந்து சென்றதையும் நான் தவறாகக் கருதவில்லை.

அரங்கு நிறைந்து வழிந்தது ராப் சிட்ச் இயக்கிய 'தி காஸல்' (1997) படத்திற்குத்தான். பதினொரே நாட்களில் படமாக்கப்பட்ட இந்நகைச்சுவையில், விமான நிலைய விரிவாக்கத்திற்காகத் தன் வீட்டைக் கையகப்படுத்த வருவோரை எதிர்த்து டாரில் கெரிகன் நீதிமன்றம் ஏறுகிறார். வீட்டருகே செல்லும் உயர்மின் கம்பிகளைக் கண்டு, மின்சாரம் படைத்த மனிதனின் திறமையை எண்ணிப் பெருமிதம் கொள்பவர். மனைவி எதைச் சமைத்தாலும் இது என்னவென்று வியந்து கேட்பவர். அவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் நாம் சிறிது நேரத்தில் அவருக்காகக் கவலைப்படத் தொடங்கிவிடுகிறோம். எந்தச் சட்டப்பிரிவு என்று சொல்லத் தெரியாத வழக்கறிஞர், பூர்வகுடிகளின் நிலவுரிமையை ஏற்ற 1992ஆம் ஆண்டின் மாபோ தீர்ப்பைத் துணைக்கு அழைக்கும் காட்சியில் சிரிப்பொலி அடங்க நேரமாயிற்று. வீட்டுக்கடன் கட்டிவரும் நம் உறுப்பினர்களுக்கு அக்குடும்பம் அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

'மேட் மேக்ஸ்' (1979), 'கல்லிப்போலி' (1981) ஆகியவை பலர் முன்பே பார்த்தவையாதலால் கூட்டம் குறைந்தது. கொச்சை வழக்கு மிகுந்த படங்களுக்கு ஆங்கிலத் துணைவரிகள் இருந்தால் மூத்தோருக்கு உதவும் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்றுக்கொண்டுள்ளது.

பூர்வகுடி இயக்குநர்களின் படைப்புகளையும் காண வேண்டும் என்று உறுப்பினர்கள் வலியுறுத்தியதற்கிணங்க, வரும் ஆண்டினை வார்விக் தார்ன்டனின் 'சாம்சன் அண்ட் டிலைலா' (2009) படத்துடன் தொடங்கப் பரிந்துரைக்கிறேன். வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே அளிப்பார். நாற்காலி அடுக்கியது முதல் தேநீர் வழங்கியது வரை உதவிய இளைஞர்களுக்கு நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்